ஒரே நடையில் முடிகிற வண்டி

எங்கள் பழைய குட்டியானை வண்டியின் தரைத்தகடு ஒரு நாள் காலையில் சாம்பார் அண்டாவோடு சேர்ந்து கீழே இறங்கிவிட்டது. நல்லவேளை, அண்டா ரோட்டில் விழவில்லை. ஓட்டைக்குள் பாதி இறங்கி, அச்சுக்கம்பியில் தட்டி நின்றுகொண்டது. பின்னால் வந்த பால்காரர் கையைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டதால்தான் எங்களுக்கே தெரிந்தது. என் வீட்டுக்காரர் இறங்கிப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "அது பாவம் என்ன செய்யும், பன்னெண்டு வருசம் ஆச்சுல்ல" என்றார். அண்டாவைச் சொன்னாரா வண்டியைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. எனக்கு அன்றைக்கு இன்னும் ரெண்டு நடை பாக்கி இருந்தது.

நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிறவர்கள். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கோயில் கொடை, சபையில் அசன விருந்து, இழவு வீடு, எதுவானாலும் முதலில் எங்களுக்குத்தான் போன் வரும். கம்பு, துணி, நாற்காலி, மேஜை, அண்டா, கரண்டி, அடுப்பு எல்லாம் எங்களுடையவை. அவர் வண்டி ஓட்டுவார், ஏற்றுவார், இறக்குவார். நான் எண்ணுவேன். ஒரு நாற்காலியை ஒரு விசேஷத்துக்கு நாலு தடவை எண்ண வேண்டும். கடையில் ஏற்றும்போது ஒன்று, அங்கே இறக்கும்போது ஒன்று, திரும்ப ஏற்றும்போது ஒன்று, கடையில் இறக்கும்போது ஒன்று. இருபத்தாறு வருடமாக நான் எண்ணிய நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் எங்கே போய் நிற்குமோ தெரியாது. அதில் ஒன்றில்கூட நான் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தது கிடையாது.

குட்டியானை என்பது சின்ன லோடு வண்டி. அதில் ஒரு வீட்டு விசேஷத்துக்கு மூன்று நடை போக வேண்டும். கம்பும் துணியும் ஒரு நடை, நாற்காலி மேஜை ஒரு நடை, பாத்திரம் ஒரு நடை. முடிந்ததும் திரும்பி எடுத்துவர மூன்று நடை. முகூர்த்த மாதங்களில் ஒரே நாளில் மூன்று வீடு வரும். நான் வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் எண்ணிக்கை நோட்டை வைத்துக்கொண்டு, பக்கத்து ஊர் மம்சாபுரம் போய், வந்து, போய், வந்து, அந்த ரோட்டில் இருக்கிற வேகத்தடை எல்லாம் என் இடுப்புக்கு மனப்பாடம். எனக்கு அலுத்துவிட்டது. வேலை அலுத்ததா, அந்த ரோடு அலுத்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒரே நடையில் முடிகிற ஒரு வண்டி இருந்தால் போதும் என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஆகவே, புது வண்டி என்ற பேச்சு வந்ததும் நான் பெரிய பிக்கப் என்றேன். அவர் சின்னது என்றார்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், எல்லா வீட்டிலும் இது தலைகீழாகத்தான் நடக்கும். ஆம்பிளைகளுக்குப் பெரிய வண்டி வேண்டும், வீட்டில் உள்ளவள் சின்னது போதும் என்பாள். எங்கள் வீட்டில் நான் பெரியதற்கு நின்றேன். வந்தவர் போனவர் எல்லாம் அபிப்பிராயம் சொன்னார்கள். என் கொழுந்தன், தன் வாழ்நாளில் சைக்கிளுக்கு மேல் ஓட்டாதவர், பெரிய வண்டியின் டீசலைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். எங்களிடம் இருபது வருடமாகப் பந்தல் கட்டுகிறவர் மம்சாபுரத்துக்காரர். என்னை அக்கா என்றும் அவரை அண்ணாச்சி என்றும் கூப்பிடுவார். அவர் மட்டும், "எந்த வண்டியானாலும் ஏத்துறது எறக்குறது நாமதானக்கா" என்று சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடப் போய்விட்டார்.

"ஏன் சின்னது?" என்று நான் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"நம்ம தெருவுகளுக்கு அதுதான்ட்டி தோது. வாசல் வரைக்கும் போவும்."

"மூணு நடை?"

"மூணு நடை போவோம். நமக்கென்ன கலெக்டர் ஆபீஸ்லயா வேல?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. மனுசன் செலவுக்குப் பயப்படுகிறார், என் அலுப்பு அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை என்று நினைத்தேன். அன்றைக்கு ராத்திரிச் சோற்றைத் தட்டில் கொஞ்சம் வேகமாகவே போட்டேன்.

வண்டி பார்க்க ராஜபாளையம் போனோம். தென்காசி ரோட்டில் வண்டிக்கடை வாசலில் ரெண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். பெரியது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. பின்தட்டு ஒன்பதடி நீளம். சின்னது அதற்குப் பக்கத்தில் சித்தப்பா வீட்டுப் பிள்ளை மாதிரி ஒடுங்கி நின்றது. விற்க நின்ற பையன் டை கட்டியிருந்தான். வியர்வையில் அந்த டை அவனுக்குப் பெரிய சங்கடமாக இருந்திருக்க வேண்டும். என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னான். குதிரைத்திறன், வில்பட்டைகள், சர்வீஸ். கேள்வி கேட்டதெல்லாம் நான்தான். பதில் மட்டும் அவருக்குப் போனது.

அவர் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. பெரிய வண்டியின் பின்கதவைத் திறந்து இறக்கிவிட்டு, அதை ஒட்டிப் போய் நின்றார். தட்டு அவர் நெஞ்சுக்குக் கிட்ட வந்தது. ரெண்டு கையையும் அதன் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு சின்ன வண்டிக்குப் போய் அதே மாதிரி கதவை இறக்கி, வயிற்றை ஒட்டி நின்றார். அது இடுப்புக்கு வந்தது. மறுபடி பெரியதுக்கு வந்தார். மறுபடி சின்னதுக்குப் போனார்.

"என்ன, தையக்காரருக்கு அளவு குடுக்க மாதிரி நிக்கிறீய?" என்றேன்.

டை கட்டின பையன் சிரித்தான். அவரும் சிரித்தார். "சும்மா பாக்கேன்ட்டி" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது தெருவைப் பற்றிப் பேச்சு வந்தது. பெரிய வண்டி சந்துகளுக்குள் நுழையாது, தெருமுனையில் நிறுத்திவிட்டு அண்டாவைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும் என்றார். நியாயமான பேச்சுத்தான். ஆனால் எனக்கு அது சாக்கு மாதிரிப் பட்டது. "வாயால சொன்னா ஆச்சா? அளந்து பாத்துருவோம்" என்றேன்.

அளப்பது எங்கள் தொழிலில் அத்தனை பெரிய காரியம் இல்லை. பந்தல் போடுகிறவர்கள் டேப் எடுப்பதில்லை, கம்பை எடுப்பார்கள். ஒரு சவுக்குக் கம்பை, பெரிய வண்டி ரெண்டு பக்கக் கண்ணாடியும் விரித்து நின்றால் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு வெட்டிக்கொண்டோம். ஆறரை அடி. அதைத் தோளில் போட்டுக்கொண்டு விசேஷம் இல்லாத ஒரு நாள் காலையில் கிளம்பினோம். நாங்கள் வழக்கமாகப் போகிற தெருக்கள் எல்லாவற்றிலும் கம்பைக் குறுக்கே பிடித்துப் பார்ப்பது, ஒரு முனையில் நான், மறுமுனையில் அவர். கம்பு சுவரில் இடிக்காமல் நடந்து போக முடிந்தால் வண்டி போகும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்கு அளக்கவே வேண்டாம். பின்சந்துகள்தான். அங்கேயும் கம்பு தாராளமாகப் போனது. செட்டியார்பட்டியில் தறிச்சத்தம் கேட்கிற ஒரு தெருவில் நாங்கள் கம்போடு நடந்து வருவதைப் பார்த்து ஒரு அம்மா ஓடி வந்து வாசல்படியின் மேல் ஏறி நின்றுகொண்டார். "எங்க படிய மட்டும் இடிச்சிராதீய, போன வருசந்தான் டைல்ஸ் ஒட்டுனோம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ரோட்டை அகலப்படுத்த வந்த ஆட்கள் என்று நினைத்துவிட்டார். பந்தல்காரர்கள் என்று சொன்ன பிறகும் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. நாங்கள் தெருமுனை திரும்புகிற வரை படியை விட்டு இறங்கவே இல்லை.

மம்சாபுரம் போகும்போது உச்சிவெயில். அங்கேதான் எங்களுக்கு வேலை அதிகம், தெருக்களும் குறுகல். ஒன்பதடி இருக்கும். ரெண்டு ஓரமும் சாக்கடை, மேலே சிமெண்ட் பலகை. அந்தத் தெருவில் கம்பு நன்றாகவே போனது. நடுவில் ஒரு வீட்டுக்கு முன்னால் நான் கம்பைக் கீழே வைத்துவிட்டு, நிழல் இருந்த ஒரு படியில் உட்கார்ந்து, தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடினேன். செத்த நேரந்தான். கண்ணைத் திறந்தபோது அவர் அந்தக் கம்பைத் தெருவின் குறுக்கே தனியாகப் பிடித்துக்கொண்டு, ரெண்டு ஓரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு, "சரிட்டி. பெருசையே எடுப்போம்" என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்தப் படியிலிருந்து எழுந்திருக்கக் கைகொடுத்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வண்டி வந்தது. வெள்ளை நிறம். எங்கள் சபை பாஸ்டர் வந்து முன்பக்கத்தில் கையை வைத்து ஜெபம் பண்ணினார். பந்தல் கட்டுகிறவருக்கு அது போதவில்லை. "ஜெபம் ஜெபமா இருக்கட்டும்க்கா" என்று நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார். பாஸ்டர் அந்தச் சமயம் பார்த்து ஆகாயத்தில் மேகம் இருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். வண்டி நாலு பழத்தையும் நசுக்கிக்கொண்டு கிளம்பியது.

முதல் ஒரு மாதம் எனக்கு நன்றாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். வந்த வேலையெல்லாம் மண்டபத்து வேலை, இல்லாவிட்டால் மைதானம். செண்பகத்தோப்பு போகிற வழியில் ஒரு மாந்தோப்புக்காரர் வீட்டு விசேஷம், தோப்புக்குள்ளேயே சமையல். எல்லாம் ஒரே நடை. ஒரே தடவையாக ஏற்றி, கயிறு போட்டு, போய் இறக்கினால் முடிந்தது. பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து படுத்து இரண்டு மணி நேரம் தூங்கியிருக்கிறேன். மத்தியானத் தூக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு மறந்து போயிருந்தது. எழுந்து முகம் கழுவும்போது, இந்த மனுசன் பேச்சைக் கேட்டிருந்தால் இந்நேரம் மூணாம் நடைக்கு நாற்காலி எண்ணிக்கொண்டிருப்பேன் என்று ஒரு கர்வம்.

ரெண்டு விஷயம் மட்டும் கண்ணில் பட்டது. ஒன்று, அவர் எங்கே போனாலும் வண்டியில் ஒரு இரும்பு முக்காலியைப் போட்டுக்கொண்டார். எதற்கு என்றால், தட்டு உயரம், ஏறி இறங்க என்றார். இன்னொன்று, அவர் மேல் எப்போதும் தைலவாடை. கேட்டால் சளி என்பார். ஒரு மாதமாக ஒரு தும்மலும் இல்லாத சளி. நன்றாகத் தூங்கி எழுகிறவளுக்கு அதெல்லாம் எங்கே உறைக்கும்?

பிறகு மம்சாபுரத்தில் ஒரு கல்யாண வீடு வந்தது, நான் படியில் உட்கார்ந்து கண்ணை மூடின அதே தெருவில். கல்யாணம் மண்டபத்தில்தான். ஆனாலும் பெண் வீட்டு வாசலில் பந்தல் வேண்டும், முந்தின நாள் சொந்தக்காரர்களுக்கு வீட்டில் சமையல். எங்கள் பக்கத்தில் வீட்டுப் பந்தலுக்கு ஒரு முறை உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் பந்தக்கால் நட வேண்டும். அது நட்டு, பந்தல் எழுந்த பிறகுதான் அடுப்போ அண்டாவோ அந்த வாசலுக்குப் போகும். முடிகிறபோதும் அப்படித்தான். மற்றதெல்லாம் கிளம்பின பிறகு, பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடு வந்துபோன பிறகுதான் பந்தலைப் பிரிக்க விடுவார்கள். முதலில் போவது பந்தல், கடைசியில் வருவது பந்தல். ஆக, எப்பேர்ப்பட்ட வண்டியானாலும் கல்யாண வீட்டுக்கு ஒரே நடை என்பது கிடையவே கிடையாது. இது எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருடமாகத் தெரியும்.

பந்தல் போட்ட நாளில் வண்டி கம்பையும் துணியையும் சுமந்துகொண்டு அந்தத் தெருவுக்குள் ராஜா மாதிரி நுழைந்து பெண் வீட்டு வாசலில் போய் நின்றது. ரெண்டு பக்கமும் ஒரு அடிக்கு மேல் இடம். "பாத்தீயளா?" என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். பெண் வீடு தெருவின் கடைக்கோடியில். வீட்டிலிருந்து ஏழெட்டு வீட்டு நீளத்துக்குத் தெருவை அடைத்துப் பந்தல். சாக்கடைப் பலகையில் குழி தோண்ட முடியாதே, அதனால் கால்களைப் பலகையை விட்டுத் தெருப்பக்கமாகத் தள்ளித்தான் நடுவோம். சாயங்காலத்துக்குள் கட்டி முடித்து, சிவப்பும் மஞ்சளுமாகத் துணி விரித்து, வாழைமரமும் கட்டியாயிற்று.

மறுநாள் காலை பாத்திரங்களோடும் நாற்காலிகளோடும் போனோம். அவர் தெருவுக்குள் திருப்பினார். பந்தலின் முதல் காலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார்.

நான் பந்தல் கால்களைப் பார்த்தேன். இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால். நடுவில் ஐந்தரை அடி இருந்தால் அதிகம். கண்ணாடியை மடக்கினாலும் வண்டி நுழையாது. மேலே குறுக்குக் கம்பு வேறு. பழைய குட்டியானை இந்தக் கால்களுக்கு நடுவில் பல்லாயிரம் தடவை போய்வந்திருக்கிறது. ஒரு நாளும் உரசினதில்லை. உரசாததால் எனக்கு நினைப்பே வரவில்லை. ஊரெல்லாம் கம்பைப் பிடித்துக்கொண்டு வெறும் தெருவை அளந்தேன். வெறும் தெருவுக்கு எங்களுக்கு என்ன வேலை? நாங்கள் போகிற நாளில் எல்லாம் அதில் பந்தல் இருக்கும். அதுவும் நாங்களே போட்ட பந்தல். பந்தல்காரியான நான் பந்தலை மறந்துவிட்டு வண்டி வாங்கியிருக்கிறேன்.

"அய்யய்யோ" என்றேன்.

அவர் அதற்குள் இறங்கிப் பின்கதவைத் திறந்திருந்தார். அன்றைக்குக் கைக்கு ஆள் குறைவு. வருவதாகச் சொன்ன ரெண்டு பேர் தேங்காய் வெட்டுக்குப் போய்விட்டார்கள். பந்தல் கட்டுகிறவரும் அவரும்தான். சமையல்காரர் வாசலில் நின்று, "அடுப்பு எங்க, அண்டா எங்க, பத்து மணிக்குள்ள உலை வைக்கணும்" என்று சத்தம் போட்டார். வண்டியிலிருந்து வாசலுக்கு எண்பது தப்படி. நான் எண்ணினேன். எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பது என் பழக்கம்.

அவர் முக்காலியைப் போட்டு ஏறி, அடுப்பை இழுத்து இறக்கினார். பந்தல் கட்டுகிறவரோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தார். சின்ன அண்டா. திரும்பி வந்தார். சோற்று அண்டா, தோளில். நான் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே, "மெதுவா, மெதுவா" என்றேன். நானும் ரெண்டு கையிலும் கரண்டிச் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஐந்தாவது தடவை அவர் பெரிய அண்டாவைக் கொண்டுபோய் வாசலில் இறக்கி வைத்தார். இறக்கி வைத்தவர் நிமிரவில்லை.

விழவும் இல்லை. குனிந்த மேனிக்கே நின்றார், கீழே எதையோ தேடுகிறவர் மாதிரி. கல்யாண வீட்டு அம்மா ஒருத்தர் பக்கத்தில் வந்து, "என்ன தொலச்சிட்டிய, சாவியா?" என்று தானும் குனிந்து தரையில் தேட ஆரம்பித்தார். இன்னொரு அம்மா வந்து சேர்ந்துகொண்டார். மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஓடிப் போய் முகத்தைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நின்றது.

"நிமிர முடியலட்டி" என்றார், மற்றவர்களுக்குக் கேட்காமல்.

சின்ன வண்டியாக இருந்திருந்தால் உட்கார வைத்துத்தான் கொண்டுபோயிருக்க வேண்டும். இந்த வண்டியில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். கல்யாண வீட்டு ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் பின்தட்டில் விரித்தோம். நாலு ஆம்பிளைகள் அவரைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். பந்தல் கட்டுகிறவர் வண்டியை ஓட்டினார். நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். ராஜபாளையத்தில் எலும்பு டாக்டரிடம் போகச் சொன்னேன்.

"அந்த டாக்டரத் தெரியும்" என்றார் அவர். ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். "போன வருசம் பந்தல் துணி எடுக்கப் போறேன்னு போனேம்லா, அன்னைக்குப் பாத்தேன். இடுப்புக்கு மேல எதையும் தூக்கக் கூடாதுன்னுட்டாரு. தூக்குனா படுத்துருவேன்னாரு."

வண்டிக்கடையில் ரெண்டு வண்டிக்கும் மாறி மாறிப் போய், நெஞ்சையும் வயிற்றையும் ஒட்டி நின்று பார்த்தது நினைவுக்கு வந்தது. தையல்காரர் என்று நான் கேலி பண்ணினேனே.

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினேன். அழுகை வரும்போது எனக்குக் கோபம்தான் முதலில் வரும். "அந்தச் சனியன் பிடிச்ச கம்ப நாந்தான் அளக்கச் சொன்னேன். பந்தக்கால மறந்துட்டேன். நான் மறந்தா ஒங்களுக்கு எங்க போச்சு புத்தி?"

"நான் மறக்கல."

வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். நான் என் கையை அவர் இடுப்புக்குக் கீழே கொடுத்தேன்.

"அந்தத் தெருவுல கம்பப் பிடிச்சப்பவே தெரியும்" என்றார். "சொல்லலாம்னு திரும்புனேன். நீ படியில தலையச் சாச்சிக் கண்ண மூடிருந்த. வாய் லேசாத் தொறந்திருந்துச்சு. இவ எம்புட்டு அசந்து போயிருக்கான்னு அன்னைக்குத்தான்ட்டி பாத்தேன். ஒரு நடையில முடிஞ்சா நீ கொஞ்சம் படுப்பியேன்னு நெனச்சேன். தெருவ எப்படியாச்சும் சமாளிச்சுக்கலாம்னு பாத்தேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "படுக்க எடம் தாராளமாத்தான் இருக்கு" என்றார். சிரிக்கப் பார்த்தார். எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்துக்கும் அன்புக்கும் அன்றைக்கு வித்தியாசம் தெரியவில்லை. ராஜபாளையம் வரை கையை எடுக்கவில்லை.

ஒன்றரை மாதம் படுக்கை. பிறகு எழுந்தார், நடந்தார். இனி ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சொன்னார். பெரிய வண்டியைச் செங்கல் சூளைக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். ராஜபாளையம் போய்ச் சின்னதை எடுத்துவந்தோம். டை கட்டின பையன் எங்களை மறந்திருந்தான். பாஸ்டர் வந்தார், எலுமிச்சம்பழமும் வந்தது.

இப்போது மறுபடி மூன்று நடை. அவருக்கு ஓட்டுவது மட்டும்தான் வேலை, அதற்கு டாக்டர் சம்மதித்துவிட்டார். வண்டி பந்தக்கால்களுக்கு நடுவில் நுழைந்து வாசல் வரை போகிறது. ஒரு ஆள் கூடுதலாகப் போட்டிருக்கிறோம். அந்த ஆள் பாதி நாள் வருவதில்லை. வராத நாளில் பந்தல் கட்டுகிறவரும் நானும்தான் இறக்குகிறோம். வீட்டுக்காரர் இருக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று நான் சொல்லியிருக்கிறேன், இறங்குவதில்லை. பக்கத்துக் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு நான் அண்டா இறக்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் பார்ப்பது எனக்குத் தெரியும்.

அதனால் நான் தூக்கும்போது முகத்தைச் சுளிப்பதில்லை. சமையல்காரரிடம் ஏதாவது வாயாடிக்கொண்டே, கனமே இல்லாதது போல நடந்து போகிறேன். வீட்டுக்கு வந்து, அவர் குளிக்கப் போன பிறகுதான் தைலத்தை எடுக்கிறேன். அவர் வந்து வாடை என்ன என்று கேட்டால் சளி என்கிறேன்.